ரிஃபார்மரில் படுத்துத் தள்ளினால் முதுகுவலி போகுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

1. நாற்காலிவாசி

எல்லோருக்கும் வணக்கம். வயது 44. நாளுக்கு ஒன்பது மணி நேரம் உட்கார்ந்து கணக்குப் பார்க்கும் வேலை. மூன்று வருடமாக அடிமுதுகில் வலி. ஸ்கேன் எடுத்தாயிற்று, பயப்படும்படி ஒன்றும் இல்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டார். "ஏதாவது ஒரு உடற்பயிற்சியைப் பிடித்துக்கொள்ளுங்கள், விடாமல் செய்யுங்கள்" என்பதுதான் அவர் எழுதிக்கொடுத்த மருந்து.

ஜிம்மில் சேர்ந்தேன், இரண்டு மாதத்தில் விட்டுவிட்டேன். யோகாவில் குனியச் சொன்னபோதெல்லாம் முதுகு பிடித்துக்கொள்ளுமோ என்று பாதியிலேயே நின்றுவிடுவேன். இப்போது உடன் வேலை செய்யும் ஒருவர் ரிஃபார்மர் பிலாட்டீஸ் வகுப்புக்கு அழைத்துப் போனார். பிலாட்டீஸ் என்பது உடற்பயிற்சி முறை, ரிஃபார்மர் என்பது அதற்கான கருவி. பார்த்தால் கட்டில் போல் ஒரு சட்டம். அதன்மேல் தண்டவாளத்தில் ஓடும் மெத்தைப் பலகை, அடியில் வண்ண வண்ண ஸ்பிரிங்குகள், தலைமாட்டிலிருந்து இரண்டு கயிறுகள். மல்லாந்து படுத்து, கால்கம்பியில் பாதத்தை வைத்துத் தள்ளச் சொன்னார்கள். பத்து நிமிடம் தள்ளினேன். இதற்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று தோன்றியது. மறுநாள் தும்மினால் வயிறு வலித்தது. தொடையின் உட்புறத்தில் எனக்குத் தசை இருப்பதே அன்றுதான் தெரிந்தது.

தொடரலாமா என்று யோசிக்கிறேன். தரையில் பாய் விரித்துச் செய்வதைவிட இதில் என்ன கூடுதலாகக் கிடைக்கிறது? கட்டணம் கொஞ்சமில்லை, அதனால்தான் கேட்கிறேன். தொப்பை குறையுமா என்றும் சேர்த்துக் கேட்டுவிடுகிறேன். கேட்காமல் விட்டால் மனம் ஆறாது.

2. ஓய்வுபெற்ற டீச்சர்

தம்பி, எனக்கு 67 வயது. இரண்டு முழங்காலிலும் தேய்மானம். தரையில் உட்கார்ந்தால் எழுப்பிவிட இரண்டு பேர் வேண்டும். அதனால் பாய்மேல் செய்யும் பயிற்சி எதுவும் எனக்கு ஒத்துவரவில்லை. ரிஃபார்மர் தரையிலிருந்து உயரமாக இருப்பதால் கட்டிலில் உட்காருவது போல் உட்கார்ந்து, சாய்ந்து, படுத்துவிடலாம். இளையவர்களுக்கு இது ஒரு விஷயமாகவே தெரியாது. என்னைப் போன்றவர்களுக்கு வகுப்புக்குப் போவதா வேண்டாமா என்பதையே இதுதான் முடிவு செய்கிறது.

வாரம் இரண்டு நாள் வீதம் இரண்டு வருடமாகப் போகிறேன். மாடிப்படி ஏறுவதில் எனக்கு எப்போதும் பெரிய சிரமம் இருந்ததில்லை, இறங்குவதுதான் பயம். ஒவ்வொரு படியிலும் முழங்கால் மடங்கி விழுந்துவிடுவேனோ என்று கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துப் பக்கவாட்டில் நண்டு போல இறங்குவேன். இப்போது ஒரு கையை மட்டும் கைப்பிடியில் வைத்து நேராக இறங்குகிறேன். இது எப்படி நடந்தது என்று எனக்குத் தெரியாது, விவரம் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

தொப்பை அப்படியே இருக்கிறது. அதைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள்.

3. இரும்புப்பித்தன்

நாற்காலிவாசி, உங்கள் பணத்தைக் காப்பாற்றலாம் என்று எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

படுத்துக்கொண்டு காலால் தள்ளும் இயந்திரம் ஜிம்மில் காலங்காலமாக இருக்கிறது. அதற்கு லெக் பிரஸ் என்று பெயர். அதையே மெல்லிய இசை, மங்கலான விளக்கு, விரல்விரலாகப் பிரிந்த சாக்ஸ் என்று அலங்காரம் செய்து விற்றால் ரிஃபார்மர். உடல் உழைப்பை அளக்கும் பட்டியல் ஒன்று உண்டு, 2011இல் திருத்தி வெளியிட்டார்கள். சும்மா உட்கார்ந்திருப்பதை 1 மெட் என்று வைத்தால் பிலாட்டீஸுக்கு அதில் 3 மெட். மணிக்கு 5.6 கிலோமீட்டர் வேகத்தில் கைவீசி நடப்பதற்கு 4.3. அதாவது செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே இறங்கி நடந்தாலே இதைவிட அதிகம் எரியும். தொப்பைக் கேள்விக்கு அதுதான் பதில்.

முதுகுக்கு வேண்டியது பலம். பலத்துக்கு வேண்டியது எடை. வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாக எடையை ஏற்ற வேண்டும். ரிஃபார்மரில் இருப்பது நான்கைந்து ஸ்பிரிங். அதையெல்லாம் மாட்டி முடித்த பிறகு என்ன செய்வீர்கள்?

4. எலும்போடு பேசுபவள்

நான் இயன்முறை சிகிச்சை பார்ப்பவள். என் சிகிச்சை அறையில் ரிஃபார்மரும் உண்டு, எடைக்கம்பியும் உண்டு. எந்தப் பக்கமும் கட்சி கட்டவில்லை.

இரும்புப்பித்தன் சொன்ன மெட் கணக்கு சரி. எடை குறைக்க வேண்டும் என்ற ஒரே நோக்கத்தோடு வருபவரை நானே திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஆனால் லெக் பிரஸ்ஸும் இதுவும் ஒன்றுதான் என்பதில் ஒரு பிழை இருக்கிறது.

இரும்பு எடைக்கு ஏற்ற இறக்கம் கிடையாது. 20 கிலோ என்றால் முழங்கால் முழுக்க மடங்கியிருக்கும்போதும் 20, நீட்டியிருக்கும்போதும் 20. ஸ்பிரிங் அப்படியில்லை, எவ்வளவு இழுக்கிறோமோ அவ்வளவுக்கு எதிர்ப்புக் கூடும். ரிஃபார்மரில் கால்கம்பியைத் தள்ளும்போது முழங்கால் முழுக்க மடங்கிய நிலையில்தான் ஸ்பிரிங் மிகக் குறைவாக இழுபட்டிருக்கும். மூட்டுக்கு அதுவே சிரமமான இடம், அங்கே சுமை லேசாக இருக்கிறது. கால் நீள நீளத் தொடைக்கு வாகு கூடுகிறது, சுமையும் கூடுகிறது. மூட்டு வலி உள்ளவர்களும் அறுவை சிகிச்சை முடிந்து வருபவர்களும் இதில் முகம் சுளிக்காமல் தொடங்குவதற்கு இது ஒரு பெரிய காரணம். மல்லாந்து படுத்திருப்பதால் உடம்பின் எடை மூட்டில் இறங்குவதில்லை. சொந்த எடையில் பாதியைக்கூடச் சுமக்க முடியாத காலுக்கு, கால் பங்கிலிருந்து தொடங்கிக் கொடுக்க முடிகிறது. தரையில் நிற்கும் ஒருவருக்கு அந்தச் சலுகையை எப்படிக் கொடுப்பது?

டீச்சரம்மாவின் படிக்கட்டுக்கும் விளக்கம் இதற்குள்தான் இருக்கிறது. தள்ளிய பலகையை ஸ்பிரிங் திரும்ப இழுக்கும். விட்டுவிட்டால் தடாலென்று வந்து மோதும். மோதவிடாமல் மெதுவாகத் திரும்ப விட வேண்டும் என்றால், தொடைத்தசை நீண்டுகொண்டே சுமையைத் தாங்க வேண்டும். படி இறங்கும்போது தொடை செய்வதும் அச்சு அசலாக அதே வேலை. அம்மா இரண்டு வருடமாகப் படுத்துக்கொண்டே படி இறங்கிப் பழகியிருக்கிறார்கள்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்பதையும் சொல்லிவிடுகிறேன். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் என்ற அமைப்பு 2015இல் வெளியிட்ட தொகுப்பாய்வு, அடிமுதுகு வலிக்குப் பிலாட்டீஸ் பற்றி நடந்த 10 ஆய்வுகளை, மொத்தம் 510 பேரின் விவரங்களை, சேர்த்து எடைபோட்டது. பெரிதாக எந்தச் சிகிச்சையும் எடுக்காமல் இருப்பவர்களைவிடப் பிலாட்டீஸ் செய்தவர்களுக்கு வலியும் முடக்கமும் குறைந்தன. ஆதாரத்தின் தரம் குறைவு முதல் நடுத்தரம் வரை. மற்ற உடற்பயிற்சிகளைவிட இது உயர்ந்தது என்பதற்கு உறுதியான ஆதாரம் கிடைக்கவில்லை. அதாவது, பலன் உண்டு. இதில் மட்டும்தான் உண்டு என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

5. இரும்புப்பித்தன்

கடைசி வரியை நானே எழுதியது போல் இருக்கிறது. மற்ற பயிற்சிகளைவிட உயர்ந்தது இல்லை என்றால் விலை குறைந்ததைச் செய்யலாமே?

6. எலும்போடு பேசுபவள்

செய்யலாம், செய்வாரானால். நாற்காலிவாசியின் முதல் பதிவை இன்னொரு முறை படியுங்கள். ஜிம்மை இரண்டு மாதத்தில் விட்டவர், யோகாவில் குனியப் பயந்து பாதியில் நின்றவர். அவருடைய சிக்கலில் பலக்குறைவு பாதி, பயம் பாதி. வலி வந்து நாளானவர்கள் முதுகைக் கண்ணாடிப் பாத்திரம் போல் தூக்கிக்கொண்டு திரிவார்கள். அந்தப் பயமே தசையை இறுக்கி வலியை வளர்க்கும்.

2014இல் வந்த ஓர் ஆய்வு இதைத் தொட்டது. நாள்பட்ட அடிமுதுகு வலியுள்ள 86 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்குப் பாய்மேல் பிலாட்டீஸ், இன்னொரு பிரிவுக்குக் கருவிகளில் பிலாட்டீஸ் என்று ஆறு வாரம் கொடுத்தார்கள். ஆறு வார முடிவில் இரண்டு பிரிவுக்கும் வித்தியாசம் இல்லை. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, வலியில் அப்போதும் வித்தியாசம் இல்லை. அன்றாட வேலைகளில் இருக்கும் முடக்கத்திலும், அசைந்தால் என்ன ஆகுமோ என்ற பயத்திலும் கருவிப் பிரிவினர் மேலாக இருந்தார்கள். ஒரே ஒரு ஆய்வு, அதற்கு மேல் அதன் தலையில் பாரம் ஏற்றக் கூடாது. ஆனாலும் தினமும் நான் பார்ப்பதோடு அது ஒத்துப்போகிறது. முதுகுக்கு அடியில் மெத்தை, தோளுக்குத் தாங்கல், காலுக்குக் கம்பி, கைக்கு வார். உடம்பை நாலு பக்கமும் யாரோ பிடித்துக்கொண்டிருப்பது போன்ற உணர்வு. அந்தத் தைரியத்தில் ஆள் அசைகிறார்.

7. வார்ப்பட்டை

பத்து வருடமாக ரிஃபார்மரில் பயிற்சி கொடுக்கிறேன். "எல்லா ஸ்பிரிங்கையும் மாட்டி முடித்த பிறகு என்ன செய்வீர்கள்" என்று இரும்புப்பித்தன் அண்ணன் கேட்டதற்கு என் பதில்: கழற்றத் தொடங்குவோம்.

வேடிக்கைக்குச் சொல்லவில்லை. கைகளைக் கால்கம்பியில் ஊன்றி, பாதங்களைப் பலகையின் தோள்தாங்கிகளில் முட்டுக் கொடுத்து, உடம்பைப் பலகைபோல் நேராக நிறுத்தி வண்டியைப் பின்னால் தள்ளி இழுக்கும் பயிற்சி ஒன்று உண்டு. லாங் ஸ்ட்ரெச் என்போம். (ஓடும் பலகைக்குக் கேரேஜ் என்று பெயர். எங்கள் வகுப்பில் வண்டி என்றுதான் சொல்வோம்.) இரண்டு மூன்று ஸ்பிரிங் மாட்டியிருந்தால் வண்டியைத் திரும்ப இழுத்து வரும் வேலையில் பெரும்பங்கை ஸ்பிரிங்கே பார்த்துக்கொள்ளும். ஒன்றே ஒன்றை, அதுவும் லேசானதை மட்டும் மாட்டினால் உதவிக்கு ஆளில்லை. வயிறும் தோளும் சேர்ந்து வண்டியை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். புதிதாக வருகிற பலசாலிகள் பெரும்பாலும் இங்கேதான் நடுங்குவார்கள். தள்ளுவதில் கெட்டிக்காரர்கள், திருப்பி விடுவதில் கைநழுவுவார்கள்.

இந்தத் திருப்பி விடுதல்தான் ரிஃபார்மரில் எனக்குப் பிடித்த விஷயமே. தள்ளும்போது யாரும் ஏமாற்றலாம், வேகத்தில் அடித்துவிடலாம். திரும்பும்போது ஏமாற்ற முடியாது. வண்டி சட்டத்தில் டக்கென்று மோதினால் அந்தச் சத்தம் அறை முழுக்கக் கேட்கும். பாய்மேல் செய்யும்போது உங்கள் தவறு உங்களுக்கே தெரியாது. இங்கே இயந்திரம் காட்டிக்கொடுத்துவிடும். ஒரு பக்க இடுப்பு மட்டும் வேலை செய்தால் பாதம் கம்பியில் சாயும். வாரில் கால்களை மாட்டி வட்டம் போடும்போது ஒரு கயிறு தொய்ந்தால் எந்தக் கால் சோம்பேறி என்று தெரிந்துவிடும். கண்ணாடி பார்க்கத் தேவையில்லை.

அண்ணன் சொன்னதில் நியாயமும் இருக்கிறது. கனமாகத் தூக்கிப் பழகியவருக்குக் காலில் தசை பெருக்க இது போதாது. நானே வாரம் ஒரு நாள் எடை தூக்குகிறேன்.

8. மேடை இறங்கியவள்

நடனத்தில் இருபது வருடம் இருந்தவள். கணுக்கால் முறிந்து எட்டு மாதம் ஆடாமல் இருந்தபோது ரிஃபார்மருக்கு வந்தேன். நடனக்காரர்களுக்கும் இதற்கும் பழைய உறவு உண்டு என்பதால் கொஞ்சம் பின்னால் போகிறேன்.

ஜோசப் பிலாட்டீஸ் 1883இல் ஜெர்மனியின் மோன்சன்கிளாட்பாக்கில் பிறந்தவர். சிறுவயதில் ஆஸ்துமா, ரிக்கெட்ஸ், கீல்வாதக் காய்ச்சல் எல்லாம் வாட்டிய நோஞ்சான் பிள்ளை. முதல் உலகப் போர் மூண்டபோது இங்கிலாந்தில் இருந்தார். எதிரி நாட்டவர் என்று பிடித்து ஐல் ஆஃப் மேன் தீவின் முகாமில் வைத்தார்கள். அங்கே படுக்கையிலிருந்து எழ முடியாதவர்களின் கட்டிலில் ஸ்பிரிங்கைக் கட்டி, படுத்தபடியே பயிற்சி செய்ய வைத்தார், ரிஃபார்மரின் விதை அதுதான் என்பது ஸ்டுடியோக்களில் வழிவழியாகச் சொல்லப்படும் கதை. கதை எந்த அளவு மெய்யோ, இயந்திரத்தைப் பார்த்தால் கட்டில்தான் நினைவுக்கு வருகிறது.

1920களில் நியூயார்க் போய் எட்டாவது அவென்யூவில் மனைவி கிளாராவோடு பயிற்சிக்கூடம் நடத்தினார். அவர் தன் முறைக்கு வைத்த பெயர் கான்ட்ராலஜி, கட்டுப்பாட்டுக் கலை என்று வைத்துக்கொள்ளலாம். ஜார்ஜ் பாலன்ஷீன், மார்த்தா கிரஹாம் போன்ற நடன மேதைகள் அடிபட்ட நடனக்காரர்களை அவரிடம் அனுப்பியிருக்கிறார்கள். 1967இல் இறந்தார். அதன் பிறகுதான் ஊரெல்லாம் அவர் பெயரிலேயே அழைக்கத் தொடங்கியது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நடனக்காரர்கள் நிறையப் பேர் செய்ததால் இன்னொரு கட்டுக்கதையும் கூடவே ஒட்டிக்கொண்டது. பிலாட்டீஸ் செய்தால் தசை நீளமாகும், மெலிந்து நீண்ட உடல் வாய்க்கும் என்று விளம்பரம் செய்கிறார்கள். தசை எலும்பில் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது பிறவியிலேயே அமைந்தது. எந்த ஸ்பிரிங்கும் அதை நகர்த்தாது. என் உடல்வாகு என் அம்மா கொடுத்தது. ரிஃபார்மர் கொடுத்தது வேறு: குதித்து இறங்கும்போது கணுக்கால் எந்தப் பக்கம் சாய்கிறது என்று எனக்கே தெரியும் நிலை. ஜம்ப்போர்டு என்று ஒரு பலகையைக் கால்கம்பி இருக்கும் இடத்தில் மாட்டுவார்கள். படுத்துக்கொண்டே அதில் குதிக்கலாம். தரையில் குதிக்க அனுமதி கிடைக்காத இரண்டு மாதமும் நான் படுக்கைவாட்டில் குதித்துக்கொண்டிருந்தேன். அந்த நாட்களில் அதைவிடப் பெரிய ஆறுதல் எனக்கு இருந்ததில்லை.

9. பாதியில் இறங்கியவர்

எல்லோரும் புகழ்கிறீர்கள். நான் அடிபட்டவன், என் பங்கையும் கேளுங்கள்.

ஒரு ஸ்டுடியோ, பெயர் வேண்டாம். ஒரு வகுப்பில் பதினான்கு பேர், ஒரே பயிற்சியாளர், காதைப் பிளக்கும் பாட்டு. "ஒரு சிவப்பு, ஒரு நீலம், மாற்றுங்கள், மாற்றுங்கள்" என்று மைக்கில் கத்துவார். முன்பு வேறு இடத்தில் பழகியிருந்ததால் சிவப்பு என்றால் கனம் என்று நினைத்து மாட்டினேன். அங்கே அந்த நிறம் வேறு கனம். நின்றுகொண்டு செய்யும் பயிற்சி. ஒரு காலை ஓடும் பலகையில் வைத்ததும் அது சர்ரென்று ஓடிவிட்டது. தொடை இழுத்துக்கொண்டு ஆறு வாரம் நொண்டினேன். "உங்கள் உடம்பைக் கேளுங்கள்" என்று பிறகு அறிவுரை சொன்னார்கள். அந்தச் சத்தத்தில் உடம்பு என்ன, பக்கத்து ஆள் பேசுவதே கேட்காது.

10. வார்ப்பட்டை

ஐயா, உங்களுக்கு நடந்தது தவறு. நியாயப்படுத்த ஒன்றும் இல்லை.

நிறம் பற்றி எல்லோரும் தெரிந்துகொள்ளுங்கள்: ஸ்பிரிங் நிறத்துக்கு உலகப் பொது விதி கிடையாது. ஒரு தயாரிப்பாளரின் சிவப்பு இன்னொருவரின் சிவப்பு அல்ல. புது இடத்துக்குப் போனால் முதலில் கேட்க வேண்டிய கேள்வியே இதுதான். கேட்கக் கூச்சமாக இருந்தால் மாட்டிவிட்டுக் கையால் தள்ளிப் பாருங்கள். நின்று செய்யும் பயிற்சியில் முதலில் நகராத மேடையில் ஒரு காலை ஊன்ற வேண்டும், பிறகே ஓடும் பலகையில் மற்ற கால். இறங்கும்போது தலைகீழ்: வண்டியை மெதுவாக மூடி, முதலில் வண்டிக் காலை எடுக்க வேண்டும். நான் இதைச் சொல்லாமல் ஒரு நாள்கூட நின்ற பயிற்சியைத் தொடங்கியதில்லை. என் மாணவர்கள் கிண்டல் செய்வார்கள், செய்துவிட்டுப் போகட்டும். ஸ்பிரிங்குக்கும் ஆயுள் உண்டு. கொக்கி தேய்ந்திருந்தால், சுருள்களுக்கு இடையே இடைவெளி விழுந்திருந்தால் அந்தக் கருவியில் படுக்காதீர்கள்.

இன்னொன்று. பிலாட்டீஸ் என்பது யாருடைய தனி வணிகப் பெயரும் அல்ல, யோகா என்பது போலப் பொதுச் சொல் என்று 2000இல் நியூயார்க்கில் ஒரு கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நல்லதுதான், கலை எல்லோருக்கும் திறந்தது. ஆனால் அந்தப் பெயரைப் பலகையில் எழுதி மாட்டுவதற்கும் அதைக் கற்றுக்கொடுக்கத் தெரிவதற்கும் இடையே எந்தக் காவலும் இல்லாமல் போனது. அதனால் ஆசிரியர் எங்கே, எத்தனை நாள் பயின்றார் என்று தாராளமாகக் கேளுங்கள். நல்ல ஆசிரியர் கோபித்துக்கொள்ள மாட்டார். முதல் சில வகுப்புகள் தனியாகவோ மூன்று நான்கு பேரோடோ இருந்தால் நல்லது. முதல் வகுப்பில் உங்கள் வலியைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்காதவரிடம் இரண்டாவது வகுப்புக்குப் போகாதீர்கள்.

11. மூன்றாம் மாதத்தாய்

குழந்தை பிறந்து மூன்று மாதம் ஆகிறது. வயிற்றின் நடுவில் தசை பிரிந்திருக்கிறது என்றார்கள். நான் ரிஃபார்மரில் சேரலாமா?

12. எலும்போடு பேசுபவள்

சேரலாம் அம்மா, ஆனால் மகப்பேறு மருத்துவரின் சம்மதமும், வயிற்றை நேரில் தொட்டுப் பார்த்த ஒருவரின் திட்டமும் வேண்டும். தலையைத் தூக்கிச் செய்யும் பயிற்சிகள் (முக்கியமாக ஹண்ட்ரட்: ஐந்து எண்ணும்வரை மூச்சை இழுத்து, ஐந்து எண்ணும்வரை விட்டு, அப்படிப் பத்து முறை) இப்போதைக்கு வேண்டாம். வயிற்றின் நடுவில் கூரை முகடு போல் மேடு எழுந்தால் சுமை அதிகம் என்று அர்த்தம். கர்ப்பிணிகளுக்கு வேறு கணக்கு: மாதம் ஏற ஏற நெடுநேரம் மல்லாந்து படுப்பதைத் தவிர்க்க வேண்டும்.

ஆஸ்டியோபோரோசிஸ், அதாவது எலும்பு அடர்த்தி குறைந்து எளிதில் முறியும் நிலை உள்ளவர்களும் இங்கே படித்துக்கொண்டிருக்கக்கூடும். முதுகை முன்பக்கம் சுருட்டிச் சுமை ஏற்றும் பயிற்சிகள் முதுகெலும்பை நொறுக்கிவிடலாம். குனிந்தபடி முறுக்குவது அதைவிட மோசம். ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எலும்பு கெட்டிப்பட வேண்டுமானால் நின்று, நடந்து, எடை தூக்கித்தான் ஆக வேண்டும். படுத்தபடி ஸ்பிரிங் தள்ளுவதை அதற்கு மாற்றாக நினைக்க வேண்டாம்.

13. நாற்காலிவாசி

இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. நன்றி. நான்கு பேர் மட்டும் இருக்கும் வகுப்பாகப் பார்த்துச் சேர்ந்துவிட்டேன். ஆசிரியர் என்னிடம் இருபது கேள்வி கேட்டார், அதனால் வார்ப்பட்டையின் தேர்வில் அவர் தேறிவிட்டார். ஒரு சந்தேகம்: இதோடு வேறு எதுவும் செய்ய வேண்டுமா, இது மட்டும் போதுமா?

14. இரும்புப்பித்தன்

போதாது. நட. உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்ன கணக்கு: வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான வேகத்தில் மூச்சு வாங்கும் உழைப்பு, அதோடு இரண்டு நாளாவது தசைக்கு வேலை. உன் ரிஃபார்மர் வகுப்பு அந்த இரண்டு நாளுக்குச் சரியாகிவிடும். மூச்சு வாங்கும் பங்கை அது நிரப்பாது. (நீ என்று எழுதிவிட்டேன். நம்மைவிட வயதில் சின்னவர்தானே, இருக்கட்டும்.)

ஒரு வாக்குமூலமும் கொடுத்துவிடுகிறேன். வார்ப்பட்டை சொன்ன அந்த லாங் ஸ்ட்ரெச் என்னைத் தூங்கவிடவில்லை. தெரிந்தவர் ஒருவரின் ஸ்டுடியோவில் ஆளில்லாத நேரமாகப் பார்த்துப் போனேன். உடல் எடையைப் போல் இரண்டு மடங்கைத் தரையிலிருந்து தூக்குபவன் நான். ஒரே ஒரு லேசான ஸ்பிரிங்கில் ஆறாவது முறை வண்டி என்னை விட்டுவிட்டுப் போய்விட்டது. என் எடைக்கம்பியின் மேல் எனக்கு மரியாதை குறையவில்லை. ஆனால் இடது தோள் வலதைவிட இவ்வளவு பின்தங்கியிருப்பதை அது ஒரு நாளும் என்னிடம் சொன்னதில்லை. தூக்கியதை இறக்கும்போது நானும் தடாலென்று போடுபவன்தான் என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

15. வார்ப்பட்டை

அண்ணன், ஆறு முறை போனதே பெரிது. அடுத்த முறை ஆள் இருக்கும் நேரத்தில் வாருங்கள்.

16. நாற்காலிவாசி

பதினோரு வாரம் கழித்து எழுதுகிறேன். வாரம் இரண்டு வகுப்பு, மீதி நாளில் நடை. நான்கு வகுப்புகளைத் தவறவிட்டேன், ஆண்டு முடிவுக் கணக்கு வேலை.

வலி போய்விட்டதா என்றால் இல்லை. தினமும் இருந்தது, இப்போது வாரத்தில் ஒன்றிரண்டு நாள் எட்டிப் பார்க்கிறது. அது இதனாலா, நடையினாலா, நாள் ஆனதாலா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. குனிகிறேன். குனிவதற்கு முன் ஒரு நொடி தயங்குவேனே, அது எப்போது நின்றது என்று ஞாபகமில்லை. தொப்பை விஷயத்தில் டீச்சரம்மா சொன்னதே இங்கும்.

போன வாரம் வீட்டில் கேட்டார்கள், "நாற்காலிக்கு எண்ணெய் போட்டீர்களா?" என்று. போடவில்லை. வேலை முடிந்து வந்து நான் உட்காரும்போது தினமும் அடுத்த அறைவரை கேட்கும் அந்தத் தொப்பென்ற சத்தம் கொஞ்ச நாளாகக் கேட்கவில்லையாம். எழுந்து, மறுபடி உட்கார்ந்து பார்த்தேன். கடைசி ஒரு சாண் தூரத்தில் விழாமல், வண்டியை மூடுவது போல் மெதுவாக இறங்கிக்கொண்டிருக்கிறேன்.

வார்ப்பட்டை அவர்களுக்கு ஒரு கேள்வி. அடுத்த வாரம் வண்டிமேல் பெட்டியைப் போட்டுக் குப்புறப் படுத்து, வாரை இழுத்து நெஞ்சைத் தூக்க வேண்டும் என்று ஆசிரியர் சொல்லியிருக்கிறார். இப்போதே பயமாக இருக்கிறது. தள்ளிப்போடச் சொல்லலாமா?

17. வார்ப்பட்டை

தள்ளிப்போட வேண்டாம். லேசான ஸ்பிரிங் கேளுங்கள், நெஞ்சை நான்கு விரல் உயரம் மட்டும் தூக்குங்கள். இறக்கும்போது மட்டும் அவசரப்படாதீர்கள்.